‘நா’ பெட்டியில் நாலு நிமிடம்

உரக்கடை மஜீத் நானா அனோஜாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஊராரின் கடன் கணக்கைக் கணினியில் ஏற்றி, தேடி எடுக்க நிரல் எழுதிக் கொடுத்த கூலி. அவளுடைய மடிக்கணினித் தவணைக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

"கணக்குக் கொப்பியில நான் அரை நிமிசத்தில எடுத்திடுவன். உம்மட மிசின் என்னை வெல்லட்டும், காசைத் தாறன்" என்றார் நானா.

அனோஜா, பட்டியலில் இருந்த நாகேஸ்வரி அக்காவின் பெயரை அடித்து, கைபேசியில் நேரம் பிடித்தாள். நிரல் பட்டியலின் தலையிலிருந்து ஒவ்வொருவர் கடன் சீட்டையும் கூட்டிக் கூட்டி இறங்கியது. கடைக் கணினியும் கிழடு. இரண்டு நிமிடம்.

"என்ன பிள்ளை, உள்ளுக்க நடந்தே போயினம்?" மூட்டை சுமக்கும் இளையதம்பி கேட்டார்.

எங்கே சுணங்குகிறது என்று பிடிக்க, ஒவ்வொரு படியிலும் நேரம் குறிக்கச் சொல்லி நிரலில் எழுதினாள். குறிக்கவே நேரம் போனது. மூன்று நிமிடம். பாரத்தை நிறுக்கப் போய்த் தராசையும் தலையில் ஏற்றிய மாதிரி.

பிறகு பெயர்களை முதலெழுத்துப்படி பெட்டி பெட்டியாகப் பிரித்தாள். ஒரு பெட்டியை மட்டும் திறந்தால் போதும். வீட்டில், தன்னோடு படித்தவர்களின் பெயர்களைப் போட்டு அளந்தாள். ஒரு நொடி!

கடையில் நாலு நிமிடம்.

பட்டியலைப் பார்த்தாள். நாகராசா, நாகம்மா, நாகலிங்கம், நாகேஸ்வரி... நாகதம்பிரானுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைகளின் ஊர். மற்றப் பெட்டிகள் காலி. ஊரே ‘நா’வுக்குள் நெரிபட்டது. பெட்டி திறக்கும் வேலை வேறு கூடிவிட்டது.

"மற்றப் பெட்டியளை வாடகைக்கு விடுவமோ?" என்றார் இளையதம்பி.

கடன் பார்க்க வந்தவர்களின் வரிசை வாசல் தாண்டியது. நாகராசா அண்ணை, திரையில் பெயரும் கடனும் ஒவ்வொன்றாக ஓடுவதைப் பார்த்தார். பின்னால் நின்ற சம்பந்தியைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். சுணங்குகிற எரிச்சல் என்று நினைத்து அனோஜா தலை குனிந்தாள்.

ஐந்தாம் நாள் அடையாள அட்டையின் கடைசி இரண்டு இலக்கத்தால் பிரித்தாள். ஊர் நூறு பெட்டிக்கும் பரவியது. அரை நொடி! நானா கொப்பியைத் தொடவேயில்லை.

"இவ்வளவோ? நெல்லு வெட்டு முடியப் பாப்பம்" என்று நாகராசா அண்ணை அடுத்த அரை நொடியில் சைக்கிளில் ஏறினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே.

நானா சொன்ன சொல் தவறாமல் முழுப் பணத்தையும் எண்ணி அவள் கையில் வைத்தார். முகத்தில்தான் களை இல்லை.

"பிள்ளை, அந்த நாலு நிமிசம் ஓடினதைத் திருப்பிப் போடேலுமோ?"

"ஏன் நானா?"

இளையதம்பி மூட்டையை இறக்கி நிமிர்ந்தார்.

"சம்பந்திக்கு முன்னால நாலு நிமிசம் நிக்க ஏலாமல் சனம் கட்டின காசுதான் பிள்ளை, இப்ப உம்மட கையில இருக்கிறது."