மத்தி வராமல் நின்றுபோன கல்யாணம்

கெத் ந்தார்,
செயிண்ட் லூயி.

மதிப்பிற்குரிய சம்பந்தி பிராம் வாத் அவர்களுக்கு, படகுக்காரன் மசாம்பா கேய் எழுதுவது. இங்கே எல்லோரும் சமாதானம். எல்லைக்கு வடக்கே நுவாதிபூவில் நீங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளை தாம்சிரும், வீட்டு ஆடுகளும் சமாதானமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

கல்யாணத்தை இன்னும் ஒரு குளிர்காலம் தள்ளிவைக்க வேண்டும். மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது. என் மகள் சூகெய்னாவின் விருந்துச் சோற்றுக்கு என் படகில் வந்த மத்திதான் என்று, நிச்சயத்தன்று பள்ளிவாசல் முன்னால் ஊரறியச் சொல்லிவிட்டேனே! குளிர்காலம் பிறந்ததும் கடலில் கையை விடுவேன். விரல் மரத்துப்போனால் ஒரு வாரத்தில் மத்தி வந்துவிடும். முப்பது வருஷமாக இந்தக் கை பொய் சொன்னதில்லை. இப்போது விட்டால் குளிக்க வைத்த வெந்நீர் மாதிரி இருக்கிறது. மீன்வள அலுவலகத்துப் பெண் வந்து, கடல் சூடாகிவிட்டது, மத்தி குளிர்ந்த தண்ணீரைத் தேடி ஆண்டுக்காண்டு வடக்கே நகர்கிறது என்றாள். கல்யாணத் தேதிக்குள் திரும்புமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உறுதி சொல்ல முடியாது என்றாள். இத்தனை வருஷப் பழக்கம், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவதா? நானும் வடக்கே துரத்திப் போனேன். எல்லையில் ரோந்துக்காரர்கள் மறித்தார்கள். அது என் மீன் என்றேன். அடையாளம் சொல் என்றார்கள். தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அப்புறம் ஒரு தப்புச் செய்தேன், சம்பந்தி. ஊருக்குத் தெரியாமல் சந்தையில் நான்கு பெட்டி ஐஸ் மத்தி வாங்கி, படகில் கொட்டிச் சாக்கால் மூடி, கடலில் ஒரு சுற்றுப் போய்விட்டுப் பாடிக்கொண்டே கரையேறினேன். மீனைப் புகைபோடும் பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். அவர்களில் மூத்தவள் யாசின் ஒரு மத்தியை எடுத்துப் படகு விளிம்பில் தட்டினாள். டொக் டொக் என்றது.

"கேப்டன், கடல் கொதிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? இது மட்டும் எப்படி உறைஞ்சு போச்சு?" என்றாள்.

தூக்கி எறிய மறந்த பெட்டி ஒன்றில் உங்கள் ஊர் பெயர் வேறு கொட்டை எழுத்தில் இருந்தது. கரையே சிரித்தது. என் மனைவி கும்பாகூடச் சிரித்தாள். சூகெய்னா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "உங்க வார்த்த பெருசா, நான் பெருசாப்பா?" என்று கேட்டாள். ஊர் முன்னால் சொன்னவன் நான், என்ன செய்ய? ஒரே ஒரு குளிர்காலம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு என் சலாம். உங்கள் வலை கிழியாமலும் வீட்டில் சோறு குறையாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மசாம்பா கேய்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கும்பா வந்தாள். சூகெய்னா விடிந்ததும் சித்தியோடு நுவாதிபூ பேருந்தில் ஏறிவிட்டாளாம். "மத்தி இருக்கிற ஊர்லயே கல்யாணத்த வச்சுக்கிறேன். அப்பாவ வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். ஆகவே மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். நாளைய பேருந்தில் நானே வருகிறேன், இந்தக் கடிதமும் என்னோடு வரும். விருந்தில் யார் பிடித்த மீனைப் போட்டாலும் சாப்பிடுகிறேன். சாப்பிடும்போது நான் அழுதால், சோற்றில் மிளகாய் தூக்கலாகிவிட்டது என்று எல்லோரிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.