ஒற்றைப் பச்சைச் சுவர்

எங்கள் ஊரில் பழைய வீட்டைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. புதுப் பெயின்ற் மணம் வந்தால்தான் மூக்கைச் சுருக்குவார்கள். இதை நான் அறிந்துகொள்வதற்கு, அக்காவின் கலியாணத்தை ஏறக்குறையக் கவிழ்க்க வேண்டியிருந்தது.

அச்சுவேலியில் இருக்கும் எங்கள் வீடுதான் அக்காவின் சீதனம். வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக்கழித்த அக்கா, நெல்லியடி மாப்பிள்ளைக்கு மட்டும் "ஓம்" சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு பின்னேரம் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. கம்பஸ் விடுமுறையில் நின்ற நான், வீட்டு அலங்கார வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி ஒரு நிபுணியாகியிருந்தேன். (படித்தது கணக்கியல்.) எல்லாச் சுவருக்கும் ஒரே நிறம் அடிப்பது பழைய பாணியாம், ஒன்றுக்கு மட்டும் வெளிர்பச்சை அடித்தால் விருந்தினர் இருக்கும் ஹோலுக்குள் அமைதி குடிவருமாம்.

"ஆசுப்பத்திரி மாதிரியெல்லோ கிடக்கு," என்றார் அம்மா.

"உங்களுக்கு விளங்காதம்மா. உதுதான் இப்ப ஸ்டைல்."

ஞாயிறு மத்தியானம்தான் கடைசிப் பூச்சு முடிந்தது. அதாவது, கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு. அந்தச் சுவரோடு நின்ற கனத்த முதிரைமர அலுமாரியை அசைக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் அதைச் சுற்றி அடித்துவிட்டேன். (பின்னால் போய் யார் பார்க்கப்போகிறார்கள்?)

மாப்பிள்ளையின் பெரியப்பா செருப்பைக் கழற்றும்போதே மோந்து பார்த்தார்.

"பெயின்ற் எப்ப அடிச்சது?"

"இண்டைக்குத்தான்," என்றேன் பெருமையாக.

"ஏன் இந்தச் சிவருக்கு மட்டும்?"

"அமைதிக்கு."

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். பெரியப்பா நேரே போய்ச் சுவரை விரலால் தட்டி, டொக்டர் நெஞ்சு பார்ப்பதுபோல் காதை வைத்துக் கேட்டார். காதை எடுத்தபோது அது வெளிர்பச்சையாக இருந்தது. சொல்ல யாருக்கும் துணிவில்லை.

"வெடிப்புக் கிடந்ததோ பிள்ளை? இல்லாட்டி ஈரம் ஊறுதோ? ஒரு சிவரை மட்டும் ஒருத்தரும் சும்மா மினக்கெட்டுப் பூசமாட்டினம்."

"ஐயோ, ஒண்டுமில்லை!" என்றார் அப்பா. அவர் சொன்ன வேகத்தில் எனக்கே சந்தேகம் வந்தது.

"அப்ப அந்த அலுமாரியை ஒருக்கா அரக்கிப் பாப்பம்."

"வேண்டாம்!" என்று கத்தியது நான்தான்.

இப்போது அப்பாவே என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற அக்கா, கண்ணாலேயே எனக்குக் குழி தோண்டினாள்.

அப்பாவும் மாப்பிள்ளையும் மூச்சுவாங்க அலுமாரியை அரக்கி நகர்த்தினார்கள். பின்னால், அச்சொட்டாக அலுமாரியின் அளவில், பழைய மஞ்சள் சுவர். கூடவே ஒட்டடையும், நான் எப்போதோ தொலைத்த சீப்பும்.

பெரியப்பா டோர்ச் அடித்து மேலிருந்து கீழ்வரை தடவினார். வெடிப்பு இல்லை. ஈரம் இல்லை.

"நல்ல சிவர்தானே. பிறகேன் பிள்ளை வேண்டாம் எண்டு கத்தினனீர்?"

"தள்ளப் பஞ்சியாக் கிடந்தது... அது தெரிஞ்சிடும் எண்டுதான்."

ஹோலில் பேரமைதி. என் வெளிர்பச்சை வேலை செய்தது அந்த ஒரு கணத்தில்தான். பிறகு பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீர் முழுக்க அடிச்சிருந்தா, நான் இந்த வீட்டை நம்பியிருக்கமாட்டன்!"

சம்மதம் சொல்லிவிட்டு, பச்சைக் காதோடேயே நெல்லியடிக்குத் திரும்பினார்.

அக்காவும் அத்தானும் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். மஞ்சள் கட்டத்தில் கைவைக்க அத்தான் யாரையும் விடுவதில்லை. சோதனையோ, வேலை விண்ணப்பமோ, அடுப்பில் வைத்த கறியோ, நான் "முடிஞ்சுது" என்று வாய் திறந்தால் போதும், உள்ளறையிலிருந்து அவர் குரல் வரும்:

"அலுமாரிக்குப் பின்னாலையுமோ?"