பதினான்கு பொட்டலம் ஈரல்

"நம்ம ஃப்ரீசர்ல கிடக்கிற ஈரலையெல்லாம் குடுத்துடறதா தீயணைப்புத் தலைவர் ஹார்லன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் வெர்லின், முட்டையின் மேல் மிளகுத்தூளைத் தூவியபடி.

அவர் மனைவி ஆர்ஃபாவின் காப்பிக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

"எந்த ஈரல்?"

"அதான், பதினாலு பொட்டலம் இருக்கே! ஒவ்வொண்ணு மேலயும் 'ஈரல்'னு நீதானே எழுதி வச்சிருக்க? நாளைக்கு மத்தியானம் தீயணைப்பு நிலையத்துல விருந்து. ஆம்பளைங்க நாங்களே சமைக்கிறோம். ஈரலும் வெங்காயமும். ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் ஒரு நாள் ஓய்வு. பொம்பளைங்க யாருக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு ஹார்லன் எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கான்."

வெர்லினிடம் ரகசியம் சொல்வதும் சல்லடையில் தண்ணீர் மொள்வதும் ஒன்று. அந்த வகையில் ஆர்ஃபா கொடுத்து வைத்தவள்.

ஏனென்றால் அந்தப் பதினான்கு பொட்டலங்களில் ஒன்றில்கூட ஈரல் இல்லை. எல்லாம் துணி.

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்காத பெண் கிடையாது. ஆனால் தன்னைப்போல் துணி சேர்க்கத் தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை என்பது ஆர்ஃபாவின் தீர்மானமான கருத்து. கடைக்குப் போய் கஜக்கணக்கில் கிழித்து வாங்குவது பணமிருப்பவர்களின் சோம்பேறித்தனம். ஆர்ஃபா சர்ச் அடித்தளத்துப் பழைய துணிக் கடையில் பெரிய தொப்பைக்காரர்களின் பருத்திச் சட்டைகளாகப் பார்த்து எடுப்பாள். விலை ஒன்றுதான், துணி இரண்டு பங்கு. வீட்டு ஏலங்களில் யாரும் சீண்டாத அட்டைப்பெட்டியின் அடியில் கைவிட்டுத் துழாவுவாள். ஒரு நல்ல நீலம் கண்ணில் பட்டுவிட்டால் போதும், வயதில் இருபது குறைந்து, காரில் உட்கார்ந்து தனியாகக் கூவுவாள்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். "இருக்கிறதைத் தைச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு துண்டுத் துணி உள்ளே வராது. வந்தா, தையல் ரூமை உன் தூண்டில் சாமானுக்கு எடுத்துக்கோ." வெர்லின் அன்றே அளவு நாடாவால் அந்த அறையை அளந்து வைத்துக்கொண்டார்.

அதனால்தான் ஃப்ரீசர். வருடா வருடம் பண்ணையிலிருந்து பாதி மாட்டின் இறைச்சியை மொத்தமாக வாங்குவார்கள். அதில் ஈரலும் சேர்ந்தே வரும்; அதை ஆர்ஃபா வந்த அன்றே யாருடைய நாய்க்காவது போட்டுவிடுவாள். வெர்லினுக்கு ஈரல் என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டும். கசாப்புக் கடை வெள்ளைத் தாளில் துணியை மடித்துக் கட்டி, மேலே 'ஈரல்' என்று எழுதிவிட்டால், அந்தப் பொட்டலத்தை அவர் விரலால்கூடத் தொடமாட்டார். இப்படி ஒரு யோசனை உலகத்திலேயே தனக்கு ஒருத்திக்குத்தான் வந்திருக்கும் என்று ஆர்ஃபாவுக்கு ஏகப்பட்ட பெருமை.

"அது பழசு வெர்லின். கெட்டுப்போயிருக்கும்."

"பால்ல ஊறப்போட்டா சரியாயிடுமாம்."

"உனக்குத்தான் அந்த வாடையே ஆகாதே?"

"திங்கப்போறது நான் இல்லையே! பேரு நமக்கு, கஷ்டம் ஊருக்கு. ஆனா ஒண்ணு ஆர்ஃபா, ரெண்டு பாதி மாட்டுல பதினாலு பொட்டலம் ஈரலா? அது மாடா, இல்ல ஈரலுக்குக் கால் மொளச்சதா?"

அடுத்த கால் மணி நேரத்தில் ஆர்ஃபா கசாப்புக் கடையில் நின்றாள்.

"ஈரலா?" கடைக்காரர் டுவேன் கத்தியைக் கீழே வைத்தார். "இந்த ஊர்ல ஈரல் கேட்டு ஒரு ஆள் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. மொத்தத்தையும் நாய்த் தீனிக்காரன் அள்ளிட்டுப் போயிடுவான். இன்னிக்குக் காலையிலதான் போச்சு."

"பதினாலு பொட்டலத்துக்கு வேணும் டுவேன். இன்னிக்கே."

"மத்தியானம் ஓமஹா டவுனுக்குப் போறேன். வாங்கிட்டு வரலாம். அறுபது டாலர் ஆகும்."

வீட்டுப் பணத்தில் அறுபது குறைந்தால் வெர்லின் கேட்பார். ஆர்ஃபா வீட்டுக்குத் திரும்பி, ஃப்ரீசருக்குள் தலையை விட்டு, அடியிலிருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். நீல நிறத்தில் மஞ்சள் கோழிக்குஞ்சுகள். மாவு மூட்டைகளைப் படம் போட்ட துணியில் தைத்த பாட்டன் காலத்துச் சரக்கு, ஓரத் தையல்கூடப் பிரிக்காதது. உடைந்த கடிகாரப் பெட்டிக்கு அடியில் ஒரு டாலருக்குக் கிடைத்தது. அன்று அவள் போட்ட கூச்சலில் ஏலக்காரர் ஏலத்தையே நிறுத்திவிட்டார். அதை விற்பதை நினைத்ததும் திரும்ப மடித்துக் கட்டப்போனாள். ஆனால் தையல் அறை போனால் மீதித் துணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பக்கத்துத் தெரு மார்லிஸ் இந்தக் கோழிக்குஞ்சுகளை நாலு தடவை கேட்டிருக்கிறாள்.

"அறுபதா? இந்தா, எடுத்துக்கோ!" மார்லிஸ் துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். உடனே விலக்கினாள். "ஏய், ஜூலை மாசத்துல இது ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"கார்ல ஏசி போட்டிருந்தேன்."

மார்லிஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு துணியை அவசரமாக உள்ளே கொண்டுபோனாள்.

சாயங்காலம் வெர்லின் புல் வெட்டும் நேரமாகப் பார்த்து ஆர்ஃபா காரியத்தை முடித்தாள். பதினான்கு பொட்டலம் அசல் ஈரல் ஃப்ரீசருக்குள் போனது. மீதியிருந்த பதின்மூன்று பொட்டலம் துணி கார் டிக்கிக்குள் போனது. விருந்து முடிந்ததும் பழையபடி உள்ளே வைத்துவிடலாம். படுக்கும்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மறுநாள் காலை அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது, வாசலில் கார் இல்லை. தொலைபேசி அடித்தது.

"ஆர்ஃபா! என் வண்டியில மேசை நாற்காலி ஏத்திட்டாங்க, அதனால உன் காரை எடுத்துட்டு வந்தேன்" என்றார் வெர்லின். குரலில் பெருமை வழிந்தது. "நீ சாமானியப்பட்ட ஆளா! டிக்கியைத் தொறந்தா அங்கே இன்னும் பதிமூணு! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? மொத்தம் இருபத்தேழையும் இறக்கிட்டோம். பசங்க பிரிச்சுக்கிட்டு இருக்காங்க."

ஈரத் தலையோடு, வீட்டுச் செருப்போடு, ஆர்ஃபா எட்டுத் தெருவை ஓடிக் கடந்தாள்.

தீயணைப்பு நிலையத்தில் வெங்காயம் நறுக்கிய ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீள மேசையைச் சுற்றி நின்றார்கள், முதுகுதான் தெரிந்தது. எப்படியோ செய்தி பரவி, ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் சுவரோரம் நின்றார்கள். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மார்லிஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மானம் போவதைப் பார்க்க ஊரே கூடிவிட்டது என்று ஆர்ஃபாவுக்குப் புரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஆமா, நான்தான்!" என்று கத்தினாள். "துணியை ஈரல்னு எழுதி ஒளிச்சு வச்சது நான்தான்! ரெண்டு வருஷமா! சல்லிசாக் கிடைச்சதை விட மனசு வரல. என்ன பண்ணச் சொல்றீங்க? வெர்லின், தையல் ரூமை எடுத்துக்கோ. ஆனா அந்தத் துணியில ஒரு சொட்டு வெங்காயச் சாறு பட்டுச்சு, நான் மனுஷியா இருக்கமாட்டேன்!"

வெர்லின் மேசையிலிருந்த வெங்காயத்தை அவசரமாகத் தள்ளி வைத்தார். 

தீயணைப்புத் தலைவர் ஹார்லன் சமையல் அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு மெல்லத் திரும்பினார்.

"சும்மா கத்தாம நீயும் வரிசையில போய் நில்லு, ஆர்ஃபா. ஊர்லேர்ந்து வந்தது எழுபத்தாறு பொட்டலம், அறுபத்திரண்டுல துணிதான். மீதி பதினாலுல நெஜமாவே ஈரலை வச்சுக் கட்டின பைத்தியம் யாருன்னுதான் நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்."