கன்னத்துப் பொட்டும் கண் மருந்தும்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். அதைத் திருத்த சல்லி என்கிற எங்கள் ஊர்க் கரை முழுக்க வீடு வீடாக நடக்க வேண்டி வந்தது. (ஒன்றுதானா என்று இதை எழுதுகிற மகள் கேட்கிறாள். நீ எழுது பிள்ளை.)

அப்போது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் கண் மருந்து கொடுக்க வந்தார்கள். கண்ணில் விடுவதல்ல, விற்றமின் குளிசை. நுனியை வெட்டி எண்ணெயை வாயில் பிழிய வேண்டும். மாலைக்கண் வந்து பார்வை போகாமல் காக்குமாம். ஒரு பிள்ளையும் தவறக்கூடாது; ஒரு பிள்ளைக்கும் இரண்டு தரம் போகவும் கூடாது, கூடினால் வாந்தியும் தலையிடியும் வரும். துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார் மருத்துவமாது மிஸ். கடலில் நிற்கிற தோணிக்கும் கேட்கிற குரல் எனக்கு. நான்தான் முன்னுக்குப் போய் நின்றேன்.

"அக்கா, உங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியும்தானே?"

"இதென்ன கதை மிஸ்! ஓம்."

பட்டியலைத் தந்து, குடித்த பிள்ளையின் பெயருக்கு நேரே சரி போடச் சொன்னார். எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் மட்டும். அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை.

ஆனால் மூளை இருக்கிறதே! மைச்சிமிழை எடுத்தேன். மிஸ் பிழியப் பிழிய, பிள்ளையின் கன்னத்தில் ஒரு கறுத்தப் பொட்டு வைத்தேன். இடையிடையே பட்டியலைப் பார்த்துத் தலையையும் ஆட்டினேன்.

பின்னேரம், வராத பிள்ளைகளைத் தேடிப் போனோம். முதல் வீட்டுப் பிள்ளை குளித்து, பவுடர் பூசி, கன்னத்தில் பொட்டோடு இருந்தது.

"இது குடிச்சிட்டுது மிஸ்." தாய் வாய் திறக்குமுன் அடுத்த வீட்டுக்கு இழுத்துப் போனேன். அங்கேயும் பொட்டு. அதற்கடுத்த வீட்டிலும் பொட்டு.

மிஸ் டப்பாவைத் திறந்து பார்த்தார். "எல்லாரும் குடிச்சதெண்டால் இவ்வளவு குளிசை ஏன் மிச்சம்? லிஸ்ட்டைத் தாங்கோ அக்கா."

பட்டியலில் சரி போடுகிற பக்கம் கழுவின கோப்பை மாதிரி வெள்ளையாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணூறு படாமலிருக்க அங்கே எந்தத் தாய்தான் கன்னத்தில் பொட்டு வைக்கமாட்டாள்? ஐந்து பெற்று ஐந்துக்கும் வைத்தவள் நான்!

மழுப்பியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளின் கண் அல்லவா?

"மிஸ், எனக்கு வாசிக்க ஏலாது."

மிஸ் மணலில் குந்தியிருந்து, கண்ணீர் வரச் சிரித்தார். "சரி, திரும்ப முதல் வீட்டிலயிருந்து கேட்டு வருவம். ஏன் கேக்கிறமெண்டு நீங்களே சொல்லுங்கோ."

சொன்னேன். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று சொன்னேன். நாலாம் வீட்டுக்குப் போகுமுன்னே கதை எங்களை முந்திவிட்டது. "பெரிய படிப்பாளி வாறா, மைச்சிமிழை ஒளியுங்கோ!" என்று ஒருத்தி கூவினாள். பொழுது படுமுன் ஒரு பிள்ளையும் மிச்சமில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அந்தப் பிள்ளைகள் இப்போது மீசைக்காரர்கள். போன கிழமை மீன் வாங்கக் கரைக்குப் போனேன். தோணி இன்னும் தரை தட்டவில்லை, அதிலிருந்து ஒருவன் கத்தினான்:

"மாமீ! எனக்கு அண்டைக்கு மருந்து தந்தனீங்களோ இல்லையோ? லிஸ்ட்டைப் பாத்துச் சொல்லுங்கோ!"

கரையே சிரித்தது. நானும் விடவில்லை.

"அவ்வளவு தூரத்திலயிருந்து என்னை அடையாளம் கண்டிட்டாய்தானே? அப்ப தந்ததுதான்!"