முதலாளிக்குக் கோழி வைத்தியம்

உலகத்தில் மன நிம்மதிக்கு வழி தெரிந்த ஒரே மனிதர், நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பெயரை நான் கேட்டதில்லை. ஆதார் அட்டையில் ஏதாவது இருந்திருக்கும். பண்ணையில் எல்லாருக்கும் அவர் உஷ் அண்ணன்.

லாரி பட்டறையில் வெல்டிங் வேலை போய், கையில் ஒரு பையோடு மோகனூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பண்ணை கண்ணில் பட்டது. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. படிப்பு ஏழாவதோடு சரி. தங்க இடமும் மூன்று வேளைச் சோறும் உண்டு என்றார்கள். உடைந்த முட்டை வேண்டிய மட்டும் தின்னலாம் என்றார்கள். பையை அங்கேயே இறக்கிவிட்டேன். முதல் நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஷெட்டுக்குள் நுழையப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை சட்டையைப் பிடித்து இழுத்தது.

"உஷ்! சொல்லீட்டு உள்ள போ சாமி."

"யாருகிட்டங்க சொல்றது?"

"கோழிககிட்டத்தான். உள்ள வேற யாரு இருக்கறா, கலெக்டரா?"

வாளியில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தினமும் ஒரே நீலச் சட்டை. ஓடக் கூடாது, கத்தக் கூடாது, தும்மல் வந்தால் வெளியே போய்விட வேண்டும். கோழி மிரண்டால் மறுநாள் முட்டை குறையும். இதெல்லாம் பண்ணைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மனிதனுக்கும் இதே சட்டம்தான் என்று முடிவு கட்டிய ஒரே ஆள் உஷ் அண்ணன்.

வெயிலில் கோழி சோர்ந்தால் தண்ணீரில் வெல்லம் கலப்பார். அதனால் யாருக்காவது கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால், முதலில் ஒரு சொம்பு வெல்லத் தண்ணீர் நீட்டுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் நாளாக நாளாக அவர் சொம்போடு வருவதைப் பார்த்தாலே ஆட்கள் நடுங்க ஆரம்பித்தார்கள். தீவனம் அள்ளும் பழனியக்கா ஒருமுறை சொம்பைக் கண்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

"ஐயோ, எங்கப்பனுக்கு என்னாச்சுங்கண்ணா?"

"ஒண்ணும் ஆவுலம்மா. மோட்டாரு ரிப்பேரு. இன்னைக்குக் குளிக்கத் தண்ணி வராது."

பழனியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொம்பை ஒரே மடக்கில் காலி செய்தார்.

கோழிகள் ஒன்றையொன்று கொத்தினால் கூண்டில் கீரைக் கட்டைத் தொங்கவிடுவார். ஆட்கள் சண்டை போட்டால் நடுவில் ஒரு முருங்கைக் கிளையை ஒடித்துப் போட்டு, இருவரையும் உட்கார்ந்து இலை உருவச் சொல்வார். உருவி முடிப்பதற்குள் எதற்குச் சண்டை என்பது மறந்துவிடும். வாரத்தில் எத்தனை நாள் முருங்கைக்கீரைப் பொரியல் வருகிறது என்பதை வைத்தே பண்ணையின் ஒற்றுமையைத் தெரிந்துகொள்ளலாம். பழனியக்காவும் அவர் புருஷனும் சமாதானமாக இருந்த மாதத்தில்தான் நாங்கள் கத்தரிக்காயைக் கண்ணால் பார்த்தோம்.

இந்த வைத்தியம் எட்டாத ஒரே ஆள் எங்கள் முதலாளி. எழுந்ததிலிருந்து கத்துவார். காரணம் இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. கீறல் முட்டை தெரியாது, படி தெரியாது, எதிரே இருப்பது ஆளா தீவன மூட்டையா என்பது தெரியாது. மூட்டையை அரை மணி நேரம் திட்டியிருக்கிறார். ஆபரேஷனுக்காகச் சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனார். பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைக் கட்டியதும் அது எகிறியது. குறையட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தேதி கொடுத்திருந்தார்கள்.

"இதுவும் போச்சுன்னா பண்ணைய யாருக்காச்சும் உட்டுட்டு மூலையில குக்கி உக்காந்துக்க வேண்டீதுதான்" என்றார் முதலாளி. "குருடனுக்கு எதுக்குப்பா பண்ணை?"

அன்றைக்குத்தான் அவர் குரல் தாழ்ந்து நாங்கள் கேட்டோம்.

உஷ் அண்ணன் வாளியில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பேசினார். "ஏனுங்க, எடம் மாத்துன கோழி ஒடனே முட்டை உடுமுங்களா?"

"அதெப்புடி உடும்? பழகோணுமல்ல?"

"அப்பறம் உங்களையக் கார்ல அள்ளிப்போட்டுட்டுப் போயி, எறக்குன ஒடனே கையில பட்டையக் கட்டுனா, ரத்தம் சும்மா இருக்குமுங்களா?"

"என்னையக் கோழிங்கறயா?"

"சேவலுன்னு வெச்சுக்கங்க."

பத்து நாள் திட்டம் போட்டார். டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. தினமும் காலையில் முதலாளி சேலம் போய், ஆஸ்பத்திரி வராந்தாவில் சும்மா உட்கார்ந்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். சாயங்காலம் பண்ணையில் ஒத்திகை. வெள்ளை உடுப்பைக் கண்டு முதலாளி மிரளக் கூடாது என்பதற்காக, பண்ணையில் அத்தனை பேருக்கும் வெள்ளைச் சட்டை.

உஷ் அண்ணன் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு அதுதான். நீலத்துக்குப் பழகிய கோழிகள் வெள்ளையைக் கண்டு ஷெட்டே அதிர அலறின. மறுநாள் முட்டை அட்டைகள் பாதி காலி. முதலாளி போட்ட கூச்சலில் பக்கத்துப் பண்ணைக் கோழிகளும் முட்டையை நிறுத்தியிருக்கும்.

உஷ் அண்ணன் பதறவில்லை. கோழிகளுக்கு மறுபடி நீலத்தைக் கொடுத்தார். வெள்ளைக்கு என்னை மட்டும் வைத்துக்கொண்டார். ஏழாவது படித்த டாக்டராகிய நான் தினமும் முதலாளி கையில் சைக்கிள் டியூபைச் சுற்றி, "மூச்ச இழுங்க, உடுங்க" என்றேன்.

"டேய், உனக்குச் சோறு போடறதே நானுடா!" என்று முதல் மூன்று நாளும் கத்தினார். நாலாம் நாள் தானே கையை நீட்டினார். ஆறாம் நாள் டியூபோடு தூங்கிப்போனார். ஆஸ்பத்திரி செக்யூரிட்டி அதற்குள் அவருக்கென்று ஒரு நாற்காலியே ஒதுக்கிவிட்டார்.

"ஏனுங்கய்யா, யாரைப் பார்க்க இப்புடித் தெனமும் வாரீங்க?"

"யாரையும் இல்லீங்க. சும்மா பழகறதுக்கு வாரேன்."

அந்த நாள் வந்தது. நர்ஸ் பட்டையோடு வந்தார். கதவோரம் நின்ற உஷ் அண்ணன் ஸ்டீல் டம்ளரில் இரண்டு தட்டு தட்டினார். நர்ஸ் துள்ளித் திரும்பினார்.

"ஏனுங்க, இது ஆஸ்பத்திரிங்க!"

"ஒண்ணுமில்ல கண்ணு. நீங்க வாரீங்கன்னு அவருகிட்டச் சொன்னேன்."

மெஷின் உர்ரென்று காற்றடைத்தது. முதலாளி கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் எண்ணைப் பார்த்தார். பழைய சீட்டைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை கட்டினார்.

"நல்லா இருக்குதுங்கய்யா. இன்னைக்கே பண்ணிரலாம்."

"ஜெயிச்சுட்டமுடா!" என்று முதலாளி போட்ட சத்தத்தில் வராந்தாவே எழுந்து நின்றது.

"உஷ்! கத்தாதீங்க சாமி, மறுபடி ஏறிக்கும்!"

முதலாளி சட்டென்று வாயை மூடிக்கொண்டு, சத்தம் இல்லாமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் தூக்கி ஆடினார். உள்ளே அழைத்துப் போகும்வரை ஆடினார்.

சில வாரம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு ஷெட்டு வாசலில் வந்து நின்றார். பத்தடி தள்ளி நின்றே ஒரு கீறல் முட்டையைக் காட்டினார். நாங்கள் கை தட்டப் போனோம். கோழிகளை நினைத்து நிறுத்திக்கொண்டோம். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, உஷ் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏப்பா, உனக்கு இத்தன நரைச்சுப்போச்சா? தெரியாம உன்னையப் போயி மூட்டை தூக்கச் சொல்லீட்டு இருந்திருக்கறனே!"

அன்றோடு உஷ் அண்ணனுக்கு மூட்டை வேலை நின்றது. அடுத்த வருடம் முதலாளியே அண்ணனைக் காரில் கொண்டுபோய், மேட்டூரில் அண்ணனின் மகள் வீட்டில் விட்டுவந்தார்.

ஓரிடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நிலைத்தவனில்லை நான். அந்தப் பண்ணையில் இரண்டு வருடம் இருந்தேன். சோறும் முட்டையும் கடைசிவரை குறைவில்லாமல் கிடைத்தன. ஆனாலும் உஷ் அண்ணன் போன மறுவாரம், எனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது.