கியாமத் அண்ணனும் சுவிட்சர்லாந்து சுரங்கமும்

உலகம் அழியப் போகிறது என்று கியாமத் அண்ணன் அளவுக்கு உற்சாகமாகக் கவலைப்பட்ட மனிதரை ஜொகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. அவருடைய உண்மையான பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். கியாமத் என்றால் மலாயில் உலக முடிவு. தொழில், ஏர்கோன் எனும் ஏசி பழுது பார்ப்பது. மூடியைக் கழற்றியதும், "போச்சு, எல்லாம் முடிஞ்சிருச்சு" என்பார். வீட்டுக்காரர் கண்கலங்கும் நேரத்தில் செத்த பல்லி ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, "இப்போ ஓடும்" என்பார்.

அப்போது நான் செனாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். கூலாயில் நானும் ஸ்டெல்லா அக்காவும் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அக்கா எங்கள் சூப்பர்வைசர். பாலோ ஊர்க்காரர். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர். பக்கத்து வீட்டில் கியாமத் அண்ணன், அவரும் தனிக்கட்டை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கைப்பேசியை நீட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்.

"தங்கச்சி, சுவிட்சர்லாந்துல பூமிக்கு அடியில வட்டமா சுரங்கம் வெட்டி வச்சிருக்கான். ஜேபி டவுன்லேர்ந்து கூலாய் வர்ற தூரம் இருக்கும். அணுவை விடச் சின்னத் துகளுங்களை அதுக்குள்ள எதிரும் புதிருமா ஓடவிட்டு முட்ட வைக்கிறான். ரிப்பேருக்கு நிப்பாட்டி வச்சிருந்தான். செவ்வாக்கிழமை திரும்ப ஓட விடுறானாம்."

"முட்டினா என்னண்ணே?"

"கருந்துளை வரும். மொதல்ல சுவிட்சர்லாந்தை முழுங்கும். அப்புறம் ஒவ்வொரு நாடா முழுங்கும்."

"நம்மகிட்ட எப்போ வரும்?"

கொஞ்சம் யோசித்தார். "சிங்கப்பூர் வழியா வந்தா பாலத்துல ஜாம் இருக்கும் லா. லேட்டாகலாம்."

அவரைச் சமாதானப்படுத்த நானும் இணையத்தில் தேடிப் படித்தேன். "அண்ணே, அதைவிட வேகமான துகளுங்க வானத்துலேர்ந்து காலங்காலமா பூமி மேல விழுந்துக்கிட்டுதான் இருக்காம். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை" என்றேன். அவர் மெல்ல அண்ணாந்து பார்த்தார். மறுநாளிலிருந்து குடையோடுதான் வெளியே போனார். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஸ்பேனர் என்று ஏணியில் நின்ற மனிதரைப் பார்க்க முன் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்தது.

தொழிலும் படுத்தது. ஏர்கோனுக்கு கேஸ் மாற்றச் சொல்லிக் கூப்பிட்ட சீன ஆன்ட்டியிடம், செவ்வாய்க்கிழமை வரைக்கும் இதுவே தாங்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் வேன் நிறைய சார்டின் டின்களோடு திரும்பினார். ஸ்டெல்லா அக்கா கேட்டை ஒட்டி நின்று விசாரித்தார்.

"இது எதுக்கு?"

"உலகம் அழிஞ்சா சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"பூமியே போயிட்டா எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?"

அண்ணன் அசந்துபோனார். அந்தக் கோணத்தில் அவர் யோசிக்கவே இல்லை. டின்களை வீடு வீடாகக் கொடுத்துத் தீர்த்தார். எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அந்த வாரம் சார்டின் குழம்பு மணத்தது.

செவ்வாய்க்கிழமையும் வந்தது. அக்கா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் குளித்து, தீபாவளிச் சட்டை போட்டு, நெற்றி நிறைய திருநீற்றோடு வந்து நின்றார். கையில் குடை இல்லை. மனிதர் துணிந்துவிட்டார் என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

"மெஷினை ஓட விட்டுட்டானுங்க, ஸ்டெல்லா. நாளைக்கு நாம இருக்க மாட்டோம். அந்தத் தைரியத்துலதான் சொல்றேன். உங்க வீட்டு ஏர்கோனுக்கு வாராவாரம் ஃபில்டர் கழுவ வேண்டிய அவசியமே இல்ல. உங்களைப் பார்க்கத்தான் அப்படி வந்துக்கிட்டிருந்தேன்."

அக்கா கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். பிறகு, "நாளைக்கும் உலகம் இருந்துச்சுன்னா, இதையே திரும்ப வந்து சொல்லுங்க" என்றார்.

புதன்கிழமை உலகம் இருந்தது. மைனாக்கள் கத்தின. தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. ஒருநாளும் பவுடர் பூசாத ஸ்டெல்லா அக்கா பவுடர் பூசிக்கொண்டு கேட்டருகே நின்றார். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவில்லை. அக்கா அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டார்.

கருந்துளைக்குப் பயந்த மனிதர் இப்போது அக்காவுக்குப் பயந்தார். நாங்கள் கிளம்பிப் போன பிறகுதான் வேனை எடுத்தார். எங்களைப் பார்த்துவிட்டால் வேன் சீட்டில் அப்படியே சரிந்து படுத்துக்கொள்வார். ஸ்டீயரிங் வீல் மட்டும் தெரியும். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு உள்ளூர ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும், அக்கா தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் நேரே அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கதவு ஒரு சாண் திறந்தது.

"உலகம் அப்படியேதான் இருக்கு. நான் நல்லா பார்த்துட்டேன்" என்றார் அக்கா.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "மெஷின் இன்னும் முழு வேகத்துக்குப் போகல, ஸ்டெல்லா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவானுங்க."

"முழு வேகம் எப்போ?"

"சில மாசம் ஆகும்னு போட்டிருக்கான்."

"சரி, அதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சிடலாம்."

அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அலமாக்" என்று மலாயில் ஐயையோ போட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

கூலாய் கோயிலில் ஒரு தாலி, பாலோ தேவாலயத்தில் ஒரு மோதிரம் என்று இரண்டு முறை கல்யாணம் நடந்தது. அங்கே ஐயரையும் இங்கே ஃபாதரையும் சீக்கிரம் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தியது மாப்பிள்ளைதான்.

நான் இப்போது லாபிஸில் இருக்கிறேன். போன வாரம் அண்ணன் போன் பண்ணினார். குரலில் பழைய பரபரப்பு.

"தங்கச்சி, அதைவிடப் பெரிய மெஷின் ஒண்ணு கட்டப் போறானுங்களாம். கேள்விப்பட்டியா?"

"அதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்ணே."

"ஆகட்டும். நீ ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு. ஸ்டெல்லா நண்டு வாங்கச் சொல்லிருக்கா."

ஒவ்வொரு முறையும் அவர் இப்படித்தான் கூப்பிடுகிறார். உலகம் அழிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. ஆனால் அந்தப் பயம் வந்தவுடன் என் முகத்தைப் பார்க்க நினைக்கிற மனிதர் ஒருவர் கூலாயில் இருக்கிறார் என்பதில், எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.