கயிற்றின் அந்தப் பக்கம்

"இனி எவனும் என் கையை மடக்க முடியாது" என்று கண்ணாடிக்காரர் சபதம் செய்தபோது, அவர் கை வெந்நீர்ப் பையின் மேல் கிடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கடுகத்தனை திருகாணிகளைத் திருகிப் பழகிய கை. விருந்துக்கு வந்த மைத்துனன், லாரி ஓட்டுகிறவன், "வாங்க அத்தான், சும்மா விளையாட்டுக்கு" என்று மேஜையில் முழங்கையை ஊன்றி அதை ஒரே மடக்காக மடக்கிவிட்டுப் போயிருந்தான். அடுத்த மாதம் மறுபடி வருகிறான்.

கடையில் விற்கிற கைப்பயிற்சிக் கருவிகளின் விலையைக் கேட்டதும் மணிக்கட்டுக்கு முன்னால் மனம் தளர்ந்தது. வீட்டிலேயே செய்தார். பழைய துடைப்பக் கட்டையை அறுத்து, நடுவில் துளையிட்டுக் கொடிக்கயிறு கட்டினார். கயிற்றின் மறுமுனையில் மணல் நிரப்பிய பெயின்ட் டப்பா. கதவுக்கு மேலிருந்த காற்றுத்துளை வழியாகக் கயிற்றை விட்டால் டப்பா நடைவழியில் தொங்கும். உள்ளே நின்று கட்டையை உருட்ட உருட்ட அது மேலே ஏறும். முக்கும்போது முகம் போகிற போக்கை யாரும் பார்க்கவும் முடியாது.

இடம்? மனைவி துணி தைக்கும் சின்ன அறை.

"மெஷினைக் கூடத்துக்கு மாத்திக்கோ."

"அங்க வெளிச்சம் பத்தாதுங்க."

"இது என் மானப் பிரச்சினை!"

"சரி" என்றாள்.

அவள் ஒரே சொல்லில் நிறுத்தினால் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடிக்காரருக்கோ கிட்டப்பார்வை.

ஒரு மழைச் சாயங்காலம் மின்சாரம் போயிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உருட்டினார். கயிறு கிரீச்சிட்டது. பாதியில் கட்டை நின்றது. அழுத்தினார், அசையவில்லை. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அவர் பிடிக்குள்ளேயே அது பின்னோக்கித் திரும்பியது. கயிறு துளைக்குள் நகர்ந்து போயிற்று. அவசரமே இல்லாத இழுவை. இழுப்பவருக்கு வேறு வேலையே இல்லாதது போல.

கதவைத் திறந்தார். நடைவழியில் யாருமில்லை. டப்பா தரையில் இருந்தது. மேலே கயிறு மட்டும் ஆடியது.

சமையலறைக்கு ஓடினார். "நீ நடைவழிக்கு வந்தியா?"

"அடுப்புல பாலை வெச்சுட்டு எங்க வரது?" மெழுகுவர்த்தியை அவர் முகத்தருகே தூக்கினாள். "ஏங்க, உங்களையும் இழுத்துதா?"

"எது?"

"ஒண்ணுமில்ல. நான் தைக்கறப்ப சில நாள் மெஷின் சக்கரம் தானா பின்னால சுத்தும். கண்டுக்காம தைப்பேன்."

"ஏன் சொல்லல?"

"பயந்துடுவீங்களே."

"யாரு, நானா!" என்றார். குரல் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

மறுநாள் சோதித்தே விடுவது என்று டப்பாவை அவிழ்த்து ஓரம் வைத்தார். மனைவி மாடிக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வெறும் கயிற்றைத் துளை வழியாக விட்டுக் கதவைச் சாத்தினார். கனமில்லாத கயிறு தொளதொளவென்று தொங்கத்தானே வேண்டும்? விறைத்து நின்றது.

"யா... யாருங்க?" பேய் என்றாலும் மரியாதை மரியாதைதான்.

கயிறு ஒருமுறை சுண்டியது.

"ரூம் வேணுங்களா?"

கட்டை கையைவிட்டுப் பறந்து நெற்றியில் மோதியது.

"எடுத்துக்கோங்க! இப்பவே எடுத்துக்கோங்க!"

கயிறு தளர்ந்தது. அன்றே மெஷினை அவரே தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தார்.

"பாவம், உங்க பயிற்சி?" என்றாள் மனைவி.

"வெளிச்சம் பத்தல."

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் தடித்த போர்வையைப் பிழிய அழைத்தாள். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை அவள்.

"முறுக்குங்க."

முறுக்கினார். பாதியில் நின்றது. பிறகு ஈரத்துணி அவர் பிடிக்குள்ளேயே மெதுவாக, மிக மெதுவாகப் பின்னோக்கித் திரும்பியது. அவசரமே இல்லை.

பட்டப்பகல் வெயிலில் அவருக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. போர்வை நெடுகப் பார்வையை ஓட்டினார். அந்தக் கோடியில் அவள், ஒரு பொட்டு வியர்வை இல்லாமல், எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட்டுவிடலாம். ஆனால் பேயிடம் தோற்றவனை ஊர் பாவம் பார்க்கும். பெண்டாட்டியிடம் தோற்றவனை? பேயாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

"என்னங்க, முறுக்காம நிக்கறீங்க? தம்பி வரான்னு கவலையா?" என்றாள் அவள். "விடுங்க. அவனுக்குக் கை மடக்கக் கத்துக்குடுத்ததே நான்தான்."